அட்டையில் உள்ள வயது

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நிருசன் கடைக்குள் வந்தான். நான் பின்னறையில் தோட்டாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்ததும் எட்டிப் பார்த்தேன். உடம்புக்குப் பெரிதான கறுப்பு ஜாக்கெட். தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அவன் தூண்டில்களைக் கடந்து நேரே துவக்கு அலுமாரிக்கு முன்னால் போய் நின்றபோதுதான் கண்ணாடியில் முகத்தைக் கண்டேன். தில்லைநாயகி அன்ரியின் ஒரே மகன்.

கடை சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தில், ஆற்றங்கரைக்குப் பின்தெருவில் இருந்தது. வேட்டைக்காரருக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் வேண்டிய சாமான்கள் விற்றோம். நான் அங்கே கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். ஒருநாள் முதலாளி அஃபோல்ட்டர் பதிவுக் கொப்பியில் ஒரு துவக்கின் இலக்கத்தைப் பிழையாக எழுதியிருந்ததைக் காட்டினேன். என்ன படித்தீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் என்றேன். அடுத்த கிழமையிலிருந்து கொப்பி எழுதுவதும் என் வேலையாயிற்று. ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

துவக்குகளுக்கு நான் பழகவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெடியன் சீருடையோடு வந்து இருந்தான். துவக்கை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு அப்பிள் சாப்பிட்டான். நான் அடுத்த ஸ்டேசனில் இறங்கிவிட்டேன். இருபது வயதில் இவர்களுக்கு இராணுவமே துவக்கைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் என்று பிறகுதான் அறிந்தேன். அறிந்த பிறகும் பயம் போகவில்லை. கடையிலும் அலுமாரிக்கு முதுகைக் காட்டி நிற்க மாட்டேன்.

நிருசன் முதலாளியோடு நல்ல டொச்சில், ஜெர்மன் மொழியின் இந்த ஊர்ப் பேச்சிலேயே கதைத்தான். பாவித்த இரட்டைக் குழல் துவக்கு ஒன்றைக் காட்டினான். எதற்கு என்று முதலாளி கேட்டார். மண்தட்டுகளை எறிந்து சுடுகிற கிளப்பில் சேரப் போவதாகச் சொன்னான். பாடமாக்கி வந்த மாதிரி இருந்தது. முதலாளிக்கு அது தெரியவில்லை. அவருக்கு அந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும்.

"ஃப்ராவ் கானா," என்று மரியாதையாகக் கூப்பிட்டார். என் தகப்பனின் பெயர் கனகரத்தினம். அதை முழுதாகச் சொல்ல அவருக்கு வராது. "இவருடைய அட்டையைப் பிரதி எடுத்துத் தாருங்கள்."

வெளியே வந்தேன். நிருசன் என்னைக் கண்டான். அவன் நீட்டிய விசா அட்டையை வாங்கும்போது அவனுடைய விரல்கள் ஈரமாயிருந்தன.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா," என்றான். உதடு அசையவில்லை.

"சொந்தக்காரரா?" என்று முதலாளி சிரித்தார்.

"இல்லை. தெரிந்தவர்."

இயந்திரத்தின் வெளிச்சம் அட்டைக்குக் கீழே போய் வந்தது. பிரதியில் பிறந்த திகதி தெளிவாக இருந்தது. 12.3.1978. பதினெட்டு வயது முடிந்து ஏழு மாதம். நீளக் குழல் துவக்கு வாங்க எங்கள் கடையில் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. முதலாளிக்கென்று ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. யாராக இருந்தாலும் அன்றே கொடுக்க மாட்டார். மூன்று இரவு படுத்தெழும்பி வரட்டும் என்பார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள்," என்றார்.

நான் கொப்பியில் பெயரை எழுதினேன். பிறந்த திகதியை எழுதினேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் கை அதை எழுதியது.

எப்படித் தெரியும் என்றால், போன வருடம் தில்லைநாயகி அன்ரி அவனுடைய சாதகத்தைக் கொண்டுவந்து என்னிடம் தந்திருந்தார். அவனுக்கு ஏழரைச் சனி, சூரிச்சுக்கு வந்திருக்கிற சாத்திரியாருக்கு அனுப்ப வேண்டும், உம்முடைய எழுத்து வடிவு, பார்த்து எழுதித் தாரும் என்றார். சித்தார்த்தி வருடம், மாசி மாதம் என்று இருந்தது. என்னால் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது. அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். "விசாவில வேற," என்றார் மெதுவாக. "சாதகத்தில பொய் எழுதினா பலனும் பொய்யாப் போடும் பிள்ளை."

நிருசனுக்கு இன்னும் பதினேழு ஆகவில்லை.

தபாலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். அவன் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தான். நான் தெருவில் ஒருவரையும் கூப்பிட்டு நிறுத்துகிறவள் இல்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, மூச்சு வாங்க ஓடி வாறியள்? எதையும் களவெடுத்துக்கொண்டு வந்திட்டன் எண்டு நினைச்சியளோ?"

"அது உமக்கு எதுக்கு?"

"மண்தட்டுச் சுட."

"எந்தக் கிளப்?"

அவன் ஆற்றைப் பார்த்தான். "நீங்க எத்தினை பேருக்கு எழுதிக் குடுத்திருப்பியள்? வெள்ளைக்காரப் பெடியளுக்குப் பின்னாலயும் இப்பிடி ஓடி வந்து கேட்டனீங்களோ? தமிழன் எண்டோடனதானே விசாரணை."

"அவையளின்ர வயது எனக்குத் தெரியாது. உம்மட வயது தெரியும்."

அவன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பாலத்தில் ஒரு கிழவரும் நாயும் மட்டும். அதற்குப் பிறகு அவனுடைய குரல் மாறிவிட்டது.

ஆவணி மாதம் நடந்த உதைபந்தாட்டப் போட்டியில் வேற்றூர்ப் பெடியன்களோடு சண்டை வந்ததாம். இவனுடைய சிநேகிதன் தினேசனை ஒரு கிழமை கழித்து வழிமறித்து வாளால் வெட்டினார்களாம். இடது கையில் இரண்டு விரல் இல்லை. அடுத்தது நீதான் என்று இவனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இவன் உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவிவிட்டு வரும் நேரத்தில் ஸ்டேசனடியில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்குமாம். நேற்றும் நின்றதாம்.

"பொலிசிட்டைச் சொல்லலாம்தானே."

"சொன்னா முதல்ல என்ன கேப்பாங்கள்? பேர். பிறந்த திகதி. அம்மா சின்னனில இருந்து சொல்லித் தந்தது ஒண்டே ஒண்டுதான். பொலிசைக் கண்டா வாய் திறக்காதை."

"அதுக்காண்டித் துவக்கோ?"

"சுட மாட்டன் அக்கா. காட்டுவன். கண்டா ஓடீடுவாங்கள்."

காட்டியதோடு நின்ற துவக்கு ஒன்றை நான் ஊரில் கண்டதில்லை.

"அக்கா," என்றான். "எனக்கு நித்திரை வாறேல்லை."

அவன் போன பிறகு பாலத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். சாம்பல் நிறக் கார்கள் நிறையப் போயின.

அடுத்த நாள் வேலை முடிந்து அன்ரியின் வீட்டுக்குப் போனேன். நான்காம் மாடி. அன்ரி முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. அப்போதுதான் வந்து லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நிருசன் வேலைக்குப் போய்விட்டான்.

"இரும் பிள்ளை, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அன்ரி." நின்றபடியே சொல்லி முடித்தேன்.

முதலில் சிரித்தார். "அவனோ? கரப்பானைக் கண்டாலே கதிரையில ஏறி நிக்கிறவன். துவக்கோ?" பிறகு சிரிப்பு நின்றது. கையிலிருந்த சின்னக் கத்தியைப் பார்த்தார். எழுந்து மகனின் அறைக்குள் போனார். நானும் போனேன். மெத்தையைத் தூக்கினார். துவாயில் சுற்றி, இறைச்சி வெட்டுகிற பெரிய கத்தி.

"ரெண்டு கிழமையாத் தேடுறன்," என்றார். "வேலை செய்யிற ஹைமுக்குக் கொண்டுபோய் மறந்துபோய் விட்டிட்டன் எண்டு நினைச்சன்." கட்டிலில் இருந்தார். "இதுக்கு மேல படுத்திருக்கிறான்."

"முதலாளியிட்டை உண்மையைச் சொல்லட்டோ அன்ரி? பதினாறுதான் எண்டு சொன்னா உடன நிப்பாட்டிப்போடுவார்."

அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார். நொந்தது.

"வயசை மட்டும் வாயால எடுத்துப்போடாதையும்."

தொண்ணூறாம் ஆண்டு கொழும்பில் ஏஜென்சிக்காரன் வேறு யாரோ ஒரு பிள்ளையின் பாஸ்போட்டில்தான் நிருசனைக் கூட்டிவந்தான். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது கூட. எங்கே கேட்டாலும் பாஸ்போட்டில் உள்ள திகதியையே சொல், மாற்றிச் சொன்னால் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று வெருட்டியிருக்கிறான்.

"ஏர்போட்டில சொன்னன். கேம்பில சொன்னன். பேர்ணில விசாரணையில சொன்னன். மூண்டு இடத்திலயும் கையெழுத்து வைச்சிருக்கிறன். இப்ப இது பொய்யெண்டு தெரிஞ்சா மற்றதெல்லாம் பொய்யெண்டுதானே சொல்லுவாங்கள்? ஊரில அவன்ர அப்பாவைச் சுட்டதும் பொய்யெண்டு சொல்லுவாங்கள்."

"அன்ரி, சனிக்கிழமை பத்து மணிக்கு..."

"எனக்கு விளங்குது. நீர் கடையில நிக்கிறீர்தானே. விக்க ஏலாதெண்டு சொல்லும்."

"ஏனெண்டு கேப்பார்."

"ஏதாவது ஒண்டைச் சொல்லும். கம்பஸில படிச்சனீர்தானே!"

அவனுக்கு அன்றைக்கே சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை கடைக்கு டெலிபோன் எடுத்தார். சத்தியம் செய்துவிட்டான், வாங்க மாட்டானாம் என்றார். பிறகு, "கத்தியை ஒளிச்சு வைச்சனான். அதையும் காணேல்லை பிள்ளை," என்றார்.

நான் டொச் வசனங்களைக் கடதாசியில் எழுதிப் பாடமாக்கினேன். மத்தியானம் கடையில் ஆட்கள் இல்லாத நேரம் முதலாளிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்கு அந்த இரட்டைக் குழலை விற்க வேண்டாம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"அவன் மிகவும் இளமை."

"பதினெட்டு. சட்டத்துக்கு அது போதும்."

"கடை மறுக்கலாம்தானே?"

"மறுக்கலாம். இன்னாருக்கு விற்றே ஆக வேண்டும் என்று எனக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாசி மாதம் ஒரு இருபது வயதுக்காரனுக்கு மறுத்தேன். அவனுடைய தகப்பன் ஒரு வழக்கறிஞரோடு வந்து நின்றார். வாக்குப் போடுகிறவனை, இராணுவத்துக்குப் போகிறவனை நீ எப்படிக் குழந்தையாக நடத்தலாம் என்று கேட்டார். என் கடை, என் கண்ணால் பார்த்தேன், பிடிக்கவில்லை என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்." மேசையில் விரலால் தட்டினார். "ஆனால் இந்தப் பையனிடம் நான் என்ன கண்டேன்? நன்றி சொல்லத் தெரிந்த ஒரு பையன். அவனுக்கு மறுத்தால் எதற்காக என்று நினைப்பான்? தன் நிறத்துக்காக என்று நினைப்பான். அது சரியாகக்கூட இருக்கும்."

நான் பாடமாக்கிய கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"யாரையாவது என்னவாவது செய்யப் போகிறானா? அப்படியென்றால் சொல்லுங்கள். இப்போதே பொலிசுக்கு அடிக்கிறேன். அது என் கடமை." அவருடைய கை டெலிபோனில் இருந்தது. உண்மையாகவே எடுக்கப்போகிறவர்.

பொலிஸ் வந்தால் பெயர் கேட்கும். பிறந்த திகதி கேட்கும். அன்ரியின் விரல்கள் இன்னும் என் மணிக்கட்டில் இருப்பது போல இருந்தது.

"இல்லை," என்றேன்.

"பிறகு?"

"தெரியாது."

கையை எடுத்தார். கோபப்படவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு முன்னால் எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கள், ஃப்ராவ் கானா. உண்மையான காரணம்."

கடை பூட்டும்வரை கொப்பியைத் திறந்து திறந்து அந்தத் திகதியைப் பார்த்தேன்.

சனிக்கிழமை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே நிருசன் வந்துவிட்டான். நீளமான விளையாட்டுப் பை ஒன்று தோளில். என்னைப் பார்க்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேனையைத் தேடுவதுபோலக் குனிந்தேன். அவர் ஒரு பெருமூச்சோடு அலுமாரியைத் திறந்தார்.

துவக்கை மேசையில் பச்சைத் துணி விரித்து வைத்தார். அட்டையை வாங்கிப் பிரதியோடு ஒப்பிட்டு மேசையில் வைத்தார். குழலை மடித்துத் திறந்து காட்டினார். தோட்டா இங்கே, பூட்டு இங்கே, ஒருபோதும் இதை ஆளுக்கு நேரே பிடிக்கக் கூடாது என்றார். நிருசன் தலையாட்டினான். குழலை மூடி, "பிடித்துப் பாருங்கள்," என்று அவனிடம் நீட்டினார்.

வாங்கினான். பாரத்தை எதிர்பார்க்கவில்லை. குழல் சரிந்து கீழே போயிற்று. நிமிர்த்தினான். குழல் அரைவட்டமாகச் சுற்றி என் வயிற்றுக்கு நேரே ஒரு கணம் நின்று கடந்து போனது. அதற்குள் தோட்டா இல்லை. எனக்கு அது தெரியும். இருந்தும் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஜாக்கெட்டின் கைக்குள்ளிருந்து அவனுடைய மணிக்கட்டுகள் வெளியே வந்திருந்தன. மெல்லிய எலும்புகள்.

"பதினாறு," என்றேன்.

"என்ன?" என்றார் முதலாளி.

"அக்கா!" என்றான் நிருசன்.

"அவனுக்குப் பதினாறு வயது. அட்டையில் உள்ளது பிழை."

டொச்சில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

"பொய் சொல்கிறார்," என்று நிருசன் டொச்சில் கத்தினான். பிறகு தமிழில், "என்ன வேலை பாத்தனீங்கள்? எங்களை அனுப்பப் போறாங்கள். அம்மாவைச் சாக்காட்டிப்போட்டியள், தெரியுமோ? உங்களுக்கென்ன, நீங்க படிச்சனீங்கள், தப்பீடுவியள்!"

முதலாளி அவனுடைய கையிலிருந்து துவக்கை மெதுவாக வாங்கினார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திரும்பி அவனைப் பார்த்தார். புதன்கிழமையிலிருந்து அவனை நீங்கள் என்று கதைத்தவர் இப்போது நீ என்றார்.

"நீ எந்த வருடம் பிறந்தாய்?"

நிருசன் கதவை இழுத்துக்கொண்டு ஓடினான். மணி கனநேரம் ஆடியது. அட்டை மேசையிலேயே கிடந்தது.

"புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும்," என்றார் முதலாளி.

"ஓம்." தமிழில் வந்துவிட்டது. "ஆமாம்," என்று டொச்சில் திருப்பிச் சொன்னேன்.

"தெரிந்துகொண்டே என் கொப்பியில் எழுதினீர்கள்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். விசா போய்விடும் என்றும் நினைத்தேன். என்னுடையது தற்காலிகமான எஃப் விசா. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த விசாக் கந்தோரில், இப்போது என்ன வேலை என்று கேட்பார்கள்.

அவர் கொப்பியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். "வெட்டுங்கள். விற்கவில்லை என்று எழுதுங்கள்."

"காரணம் என்ற இடத்தில்?"

"வெறுமையாக விடுங்கள். என் கடை." அட்டையை நுனியில் பிடித்துத் தூக்கினார். "நான் பொலிஸ் இல்லை. நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது வந்து கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்." அட்டையை என்னிடம் நீட்டினார். "இன்னொன்று. திங்கட்கிழமை இவன் வேறொரு ஊருக்குப் போவான். இந்த அட்டை அங்கேயும் பதினெட்டு என்றுதான் சொல்லும். அங்கேயுள்ளவர் மூன்று நாள் பொறுக்கச் சொல்ல மாட்டார். நீங்களும் அங்கே நிற்கப் போவதில்லை."

அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். பாலத்தில் நின்றேன். கீழே ஆறு பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. போட்டுவிடலாம். போட்டால் திங்கட்கிழமை துவக்கு வாங்க முடியாது. ஆனால் ஸ்டேசனில் தமிழ்ப் பெடியனைக் கண்டால் பொலிஸ் மறித்து அட்டை கேட்கும். இல்லையென்றால் கொண்டுபோவார்கள். கொடுத்தால் ஒரு பயம், கொடுக்காவிட்டால் இன்னொரு பயம். எனக்குப் பின்னால் ஒரு கார் மெதுவாக வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

நான்காம் மாடிக் கதவை அன்ரி திறந்தார். நிருசன் வந்திருந்தான். அவனுடைய அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. அழுகிற சத்தம் கேட்டது.

"எத்தினை பேர் கேட்டுக்கொண்டு நிண்டவை?" என்றார் அன்ரி.

"முதலாளி மட்டும்."

அட்டையை நீட்டினேன். வாங்கிப் படத்தைப் பார்த்தார். ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசவில்லை. குசினி மேசையில் அட்டையை வைத்து, அதற்கு எதிரே இருந்தார். முதலாளி சொன்னதைச் சொன்னேன். வேறு ஊர், வேறு கடை.

"இதை நான் ஒளிச்சு வைச்சா?"

"கத்தியை ஒளிச்சனீங்கள்தானே."

"ஓம்." அன்ரி தலையாட்டினார். "எடுத்துப்போட்டான்."

உள்ளே அழுகை நின்றிருந்தது. நின்றது அதைவிடப் பயமாக இருந்தது. அன்ரி எழும்பிப் போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. திரும்பி வந்தார்.

"பள்ளிக்கூடத்தில ரெண்டு வயசு கூடின பெடியளோட விட்டவை. நாளும் அடி வாங்கிக்கொண்டு வருவான். எல்லாரும் தொழில் பழகப் போகேக்கை இவனுக்கு மீசையும் முளைக்கேல்லை, ஒருத்தரும் எடுக்கேல்லை. அப்பவே சொல்லியிருக்கலாம். நான்தான் பயந்தனான்." அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "அந்தக் கந்தோர் திங்கட்கிழமை எத்தினை மணிக்குத் துறப்பாங்கள்?"

"எந்தக் கந்தோர்?"

"ஃப்ரெம்டன்பொலிஸ்."

விசா கொடுக்கிற இடம். தமிழ் ஆட்கள் அந்தத் தெருவால் வீணாக நடக்கக்கூட மாட்டார்கள்.

"அன்ரி, நல்லா யோசிச்சியளோ?"

"அட்டையில பதினாறு எண்டு இருந்தா எந்தக் கடைக்காரனும் குடுக்க மாட்டான்தானே?"

"குடுக்க ஏலாது."

"காரில நிக்கிறவங்களைப் பற்றியும் சொல்லலாம். மறைக்க ஒண்டும் இல்லையெண்டா பொலிசிட்டைச் சொல்லலாம்." அன்ரி கைகள் இரண்டையும் மடிக்குள் வைத்தார். "எனக்கு டொச் வராது பிள்ளை. நீர் வருவீரோ?"

என்னுடைய விசாவும் அதே கந்தோரில்தான் புதுப்பிக்க வேண்டும். பொய்ச் சாதகம் எழுதினேனா, மெய்ச் சாதகம் எழுதினேனா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்தாள் என்றுதான் எழுதுவார்கள்.

"வாறன்," என்றேன். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க விரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி மகனின் அறை வாசலில் பாயைப் போட்டு இருந்தாராம். திங்கட்கிழமை காலை மூவரும் போனோம். அன்ரி கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்து, அதற்கு மேல் குளிர்க்கோட்டு போட்டிருந்தார். நிருசன் எங்களுக்கு நடுவில் நடந்தான். வருவானோ என்று பயந்தேன். வந்தான்.

கந்தோரில் ஒரு பெண் எங்களை உள்ளே கூப்பிட்டாள். என் வயதுதான் இருக்கும். அட்டைகளைக் கேட்டாள். மூன்றையும் மேசையில் வைத்தோம்.

"என்ன விடயம்?"

அன்ரி தமிழில் சொல்லத் தொடங்கினார். கொழும்பிலிருந்து தொடங்கினார். ஏஜென்சிக்காரன், மற்றப் பிள்ளையின் பாஸ்போட், மூன்று கையெழுத்து. நிறுத்தாமல் சொன்னார். நான் துண்டு துண்டாக மாற்றினேன். சில சொற்களுக்கு டொச் வரவில்லை. மாசி மாதம் என்றதை எப்படியோ சொன்னேன். மெத்தைக்குக் கீழே இருந்த கத்தியைச் சொன்னபோது அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி நிருசனைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"இதனால் என்ன நடக்கலாம் என்று இவருக்கு விளங்குகிறதா?" என்று என்னிடம் கேட்டாள். "நான் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது. முழுக் கோப்பையும் திரும்பப் பார்ப்பார்கள்."

அன்ரியிடம் சொன்னேன்.

"விளங்குது எண்டு சொல்லும்," என்றார்.

"உங்களுக்கு இது எப்போதிருந்து தெரியும்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"ஒரு வருடமாக."

அதையும் எழுதினாள். பிறகு மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. மேசை வெறுமையாக இருந்தது.

சுவரில் மணிக்கூடு இல்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. பக்கத்து அறையில் யாரோ டெலிபோனில் கதைத்தார்கள். எங்களைப் பற்றியோ வேறு யாரைப் பற்றியோ.

"அக்கா," என்றான் நிருசன். சனிக்கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்தது அதுதான் முதல் தரம். "வயசைக் குறைச்சா, என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில சேப்பாங்களோ?"

"தெரியாது."

"இல்லாட்டி எல்லாரையும் அனுப்புவாங்களோ?"

"தெரியாது நிருசன்."

"கதையாதை," என்றார் அன்ரி. "வாறாங்கள்."

அவர் நிருசனின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டார். கதவுக்கு அப்பால் காலடிகள் கேட்டன. போனவள் ஒருத்தி. வந்தவை இரண்டு பேரின் காலடிகள்.